பார்லியும் பாட்டிலும்: ஒரு விலைக் கணக்கு

பீர் விலையைப் பற்றி நம் சங்க இதழில் கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. யாருக்கும் அதைச் சிபாரிசு செய்யவும் வரவில்லை. ஆனால் 2025 ஜனவரியில் நம் ஹைதராபாத்தில் நடந்த ஒரு விவகாரம், குடிக்காதவர்களுக்கும் பயன்படக்கூடிய நல்ல கணக்குப் பாடம். "மூலப்பொருள் விலை ஏறிவிட்டது சார், நாங்கள் என்ன செய்வது?" என்ற வாக்கியத்தை மாதத்தில் ஒரு தடவையாவது எங்கேனும் நாம் கேட்கிறோம். பால் பூத்தில் கேட்கிறோம், டிபன் கடையில் கேட்கிறோம், காபித்தூள் அரைக்கும் கடையில் கேட்கிறோம். கேட்டவுடன் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஒன்று, "எல்லாம் கொள்ளை" என்று திட்டிவிட்டுப் பணத்தைக் கொடுக்கிறோம். அல்லது, "பாவம், அவரும் என்ன செய்வார்" என்று சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுக்கிறோம். இரண்டிலும் கணக்கு இல்லை.

அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதே இக்கட்டுரை. இன்டரில் காமர்ஸ் எடுத்திருக்கும் பிள்ளைகளும் ஒரு பென்சிலுடன் உட்கார்ந்து படிக்கலாம்.

ஜனவரியில் நடந்தது என்ன?

தெலங்காணாவில் பீர் ஆலைகள் கடைகளுக்கு நேரடியாகச் சரக்கு விற்க முடியாது. அரசு நிறுவனமான தெலங்காணா பெவரேஜஸ் கார்ப்பரேஷன்தான் எல்லாச் சரக்கையும் வாங்கித் தன் டிப்போக்கள் வழியாகக் கடைகளுக்கு அனுப்புகிறது. தமிழ்நாட்டில் 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக்கை அறிந்த நமக்கு இது புதிதல்ல. ஒரே ஒரு வித்தியாசம், 2003 முதல் அங்கே சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கே நடத்துகிறது. இங்கே கடைகள் உரிமம் பெற்ற தனியாருடையவை. எப்படியானாலும், ஆலைக்கு ஒரு பெட்டிக்கு என்ன அடிப்படை விலை கிடைக்கும் என்பதை நிர்ணயிப்பது அந்த ஒரே வாடிக்கையாளர்தான்.

2025 ஜனவரி 8ஆம் தேதி, கிங்ஃபிஷர் தயாரிக்கும் யுனைடெட் புரூவரீஸ் நிறுவனம், தெலங்காணாவுக்குச் சரக்கு அனுப்புவதை உடனடியாக நிறுத்துவதாகப் பங்குச் சந்தைக்கு எழுத்து மூலம் தெரிவித்தது. காரணங்கள் இரண்டு சொன்னது. 2019-20 நிதியாண்டுக்குப் பிறகு அடிப்படை விலை திருத்தப்படவில்லை, அதனால் நஷ்டம் பெருகிவிட்டது என்பது ஒன்று. ஏற்கெனவே அனுப்பிய சரக்குக்கு வரவேண்டிய பாக்கி பெருந்தொகையாக நிற்கிறது என்பது மற்றொன்று. கலால் அமைச்சர் ஜூப்பள்ளி கிருஷ்ணா ராவ் பதில் சொன்னார்: அந்த நிறுவனம் 33.1 விழுக்காடு உயர்வு கேட்கிறது, மாநிலச் சந்தையில் ஏறத்தாழ 69 விழுக்காடு தன் கையில் இருப்பதால் மிரட்டிப் பார்க்கிறது, அரசு பணியாது. அப்போது நகரத்தில் பேச்செல்லாம் இதுதான். பன்னிரண்டு நாள் கழித்து, ஜனவரி 20ஆம் தேதி, நிறுவனம் மீண்டும் சரக்கு அனுப்பத் தொடங்கியது. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான விலை நிர்ணயக் குழுவின் பரிந்துரையை ஏற்று, பிப்ரவரி 11 முதல் 15 விழுக்காடு உயர்வு அளிக்கப்பட்டது.

33.1 கேட்டார்கள், 15 கொடுத்தார்கள். கேட்டது பேராசையா? கொடுத்தது அநியாயமா? தொழிற்சாலைக்குள் நுழைந்து பார்ப்போம்.

ஒரு பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

பார்லியைத் தண்ணீரில் ஊறவைத்து, நான்கைந்து நாள் முளைகட்ட விட்டு, சூட்டில் உலர்த்தினால் மால்ட். நம் வீட்டில் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறோமே, அதே வித்தைதான். மால்ட்டோடு நொய்யரிசி அல்லது மக்காச்சோளம் சேர்த்து வெந்நீரில் வேகவைத்து, இனிப்புச் சாறு எடுத்து, கசப்புக்கு ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிடுகிறார்கள். சங்காரெட்டி மாவட்டத்தில் இருக்கும் பெரிய ஆலைகளிலும் அடிப்படை இவ்வளவுதான்.

இனி எடை போடுவோம். 650 மில்லி பாட்டில் ஒன்றுக்குச் சுமார் 100 கிராம் மால்ட் என்று வைத்துக்கொள்ளலாம். முளைகட்டி உலர்த்தும்போது ஐந்தில் ஒரு பங்கு எடை போய்விடும். ஆகவே 100 கிராம் மால்ட்டுக்கு 125 கிராம் பார்லி வேண்டும். நொய் சேர்த்தால் மால்ட் இன்னும் குறையும். ஹாப்ஸோ ஒரு கிராம் அளவில்தான்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. இரு நாடுகளும் உலகச் சந்தைக்குப் பார்லி அனுப்பும் பெரிய நாடுகள். நம் பார்லி ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும்தான் பெரும்பாலும் விளைகிறது என்றாலும் சந்தை ஒன்றோடொன்று பின்னியது. அந்தப் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ. 1,635. மண்டிகளில் விலை அதற்கு மேலே பல நூறு ரூபாய் தாண்டி ஓடியது. பார்லி கிலோ 16 ரூபாயிலிருந்து 30 ரூபாய்க்குப் போனதாகவே வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 14 ரூபாய் ஏற்றம். 125 கிராமுக்கு எவ்வளவு? ஒரு ரூபாய் எழுபத்தைந்து காசு.

"பார்லி ஏறத்தாழ இரட்டிப்பு" என்று தலைப்புச் செய்தி படித்தவருக்கு இந்த 1.75 ஏமாற்றமாக இருக்கும். ஆலைக்கு ஒரு பாட்டிலுக்கு 25 ரூபாய் கிடைப்பதாகக் கணக்குக்காக எடுத்துக்கொண்டால் (இது என் கற்பனை எண், யாருடைய கணக்குப் புத்தகத்திலிருந்தும் எடுத்ததல்ல), 1.75 என்பது 7 விழுக்காடு. ஆகவே முதல் விதி: மூலப்பொருள் எத்தனை விழுக்காடு ஏறியது என்று கேட்டால் மட்டும் போதாது, விற்கும் பொருளின் விலையில் அந்த மூலப்பொருளின் பங்கு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

பார்லியைவிட வலிக்கக்கூடியது பாட்டில். கண்ணாடிக்கு சோடா ஆஷ் வேண்டும், உலைக்கு இயற்கை எரிவாயு வேண்டும். 2021, 2022இல் இரண்டும் தாறுமாறாக ஏறின. நம் நாட்டில் பீர் பாட்டில் பலமுறை திரும்பி வந்து கழுவப்பட்டு மறுபடி நிரப்பப்படுகிறது. தெருவில் "பழைய பேப்பர், பாட்டில்" என்று கூவிக்கொண்டு வருபவர், அவருக்கு மேலே ஒரு சில்லறை வியாபாரி, அவருக்கும் மேலே மொத்த வியாபாரி, அப்புறம் ஆலை. 2020இல் ஊரடங்கு வந்து தெரு வெறிச்சோடியபோது அந்தச் சங்கிலி அறுந்தது. பழைய பாட்டில் வராவிட்டால் புதிது வாங்க வேண்டும். புதிது பல மடங்கு விலை. நொய்யரிசியும் சும்மா இருக்கவில்லை. எத்தனால் ஆலைகள் நொய்யையும் மக்காச்சோளத்தையும் கேட்கத் தொடங்கிய பிறகு அவற்றின் கிராக்கி வேறு. 2022 செப்டம்பரில் நொய் ஏற்றுமதியையே மத்திய அரசு தடை செய்ய வேண்டியிருந்தது.

ஆகவே செலவு ஏறியது பொய்யல்ல.

இன்னொன்றையும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். ஆலைக்கு 25 ரூபாய் கிடைக்கும் பாட்டில் கடையில் 160 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நடுவிலுள்ளதில் பெரும்பகுதி வரி. வரி விழுக்காட்டுக் கணக்கில் போடப்படுவதாக இருந்தால், ஆலைக்கு 1.75 ஏற்றிக் கொடுக்கும்போது கடையில் 11 ரூபாய் ஏறும். வாங்குகிறவர் ஆலையைத் திட்டுவார். அந்த 11இல் ஆலைக்குப் போனது 1.75.

33.1 என்பது பெரிய எண்ணா?

எனக்கு இந்த எண்ணைப் பார்த்ததும் ஒரு ஞாபகம் வந்தது. 1.1ஐ மூன்று தடவை பெருக்கினால் 1.331. அதாவது ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் மூன்று ஆண்டுக் கூட்டுவட்டி சரியாக 33.1. இது தற்செயலோ என்னவோ, அது போகட்டும். விலை திருத்தாமல் கிடந்ததோ ஐந்து ஆண்டுகள். ஐந்தாண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 5.9 விழுக்காடு. கொடுக்கப்பட்ட 15ஐ அதேபோல் பிரித்தால் ஆண்டுக்கு 2.8.

இதை எதோடு ஒப்பிடுவது? நாட்டின் சில்லறை விலைக் குறியீட்டெண் (2012ஐ 100 என்று வைத்து) 2019-20இல் சராசரி 146 சொச்சம். 2024-25இல் 192 சொச்சம். ஐந்தாண்டில் ஏற்றம் 30 விழுக்காட்டுக்கு மேல். பென்ஷன்தாரர்களாகிய நமக்கு ஆண்டுக்கு இருமுறை பஞ்சப்படி ஏறியதும் இதுபோன்ற குறியீட்டெண்ணைப் பார்த்துத்தான். நமக்கு ஏறியது நியாயம் என்றால், அதே அளவு கேட்பவரை மட்டும் கொள்ளைக்காரர் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. பொதுக் குறியீட்டெண் ஆலையின் செலவுக் கணக்கு ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது முதல் சல்லடைதான். ஆனால் அந்தச் சல்லடையில் 33.1 தங்கவில்லை, விழுந்துவிட்டது.

பாக்கித் தொகைக்கும் ஒரு கணக்கு உண்டு. 100 ரூபாய்ச் சரக்குக்கு ஒன்பது மாதம் கழித்துப் பணம் வருகிறது, வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு என்றால், விற்றவர் உண்மையில் 7.50 தள்ளுபடி கொடுத்துவிட்டார். விலையை ஏற்றாமலேயே ஒருவரைப் பிழிய முடியும் என்பதற்கு இது உதாரணம். சின்ன ஒப்பந்ததாரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இதுவரை படித்தவர்கள் நான் ஆலைக்கு வக்கீலாக வந்திருக்கிறேன் என்று நினைத்தால், அடுத்த பகுதியைப் படிக்க வேண்டும்.

2021ஆம் ஆண்டுத் தீர்ப்பு

இந்தியப் போட்டி ஆணையம் என்று ஓர் அமைப்பு டில்லியில் இருக்கிறது. வியாபாரிகள் தங்களுக்குள் கூடிப் பேசி விலை வைப்பதைத் தடுக்கும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செயல்படுத்துவது அதன் வேலை. 2021 செப்டம்பர் 24ஆம் தேதி அது ஓர் ஆணை பிறப்பித்தது. யுனைடெட் புரூவரீஸ், சாப்மில்லர் இந்தியா (பிறகு ஆன்ஹைசர் புஷ் இன்பெவ் இந்தியா என்று பெயர் மாறியது), கார்ல்ஸ்பர்க் இந்தியா ஆகிய மூன்று நிறுவனங்களும் கூட்டுச் சேர்ந்து பீர் விலையை நிர்ணயித்தன. அகில இந்திய பீர் ஆலைகள் சங்கம் அதற்கு மேடை போட்டுக் கொடுத்தது என்று தீர்ப்பு. காலம், 2009 முதல் 2018 அக்டோபர் 10 வரை. கார்ல்ஸ்பர்க் மட்டும் 2012 முதல். அக்டோபர் 10 என்பது அதிகாரிகள் சோதனைக்குப் போன நாள்.

எந்த மாநிலங்கள்? பட்டியலின் முதலிலேயே ஆந்திரப் பிரதேசம். பிறகு கர்நாடகம், மகாராஷ்டிரம், ஒடிசா, ராஜஸ்தான், மேற்கு வங்கம், டில்லி, புதுச்சேரி. 2014 வரை ஹைதராபாத் இருந்தது ஆந்திரப் பிரதேசத்தில்தான் என்பதை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. மகாராஷ்டிரம், ஒடிசா, மேற்கு வங்கம் ஆகிய இடங்களில் சேர்ந்து பேசிச் சரக்கைக் குறைத்ததும் குற்றமாகக் காணப்பட்டது.

யுனைடெட் புரூவரீஸுக்கு அபராதம் சுமார் 752 கோடி ரூபாய். கார்ல்ஸ்பர்க்குக்குச் சுமார் 121 கோடி. முதலில் தானாக வந்து உண்மையைச் சொன்ன இன்பெவ்வுக்கு அபராதம் முழுவதும் தள்ளுபடி. முதலில் வாய் திறப்பவருக்குச் சலுகை என்பது அச்சட்டத்திலேயே உள்ள உபாயம். பிறகு ஒத்துழைத்த மற்ற இருவருக்கும் 40, 20 விழுக்காடு கழிவு. அந்தக் கழிவு போகத்தான் மேலே சொன்ன தொகைகள். மேல்முறையீட்டை 2022 டிசம்பரில் தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தள்ளுபடி செய்தது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது.

அந்த ஆணையில் என்னை உறுத்திய விஷயம் வேறு. யுனைடெட் புரூவரீஸும் இன்பெவ்வும் பழைய பாட்டில்களை வாங்குவதிலும் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டன என்று ஆணையம் கண்டது. விற்பதில் கூட்டு என்றால் விலை ஏறும். குடிப்பவர் கொடுப்பார், அது அவர் பாடு என்று விட்டுவிடலாம். வாங்குவதில் கூட்டு என்றால்? வாங்குவோர் தமக்குள் போட்டி போடாவிட்டால் விற்பவருக்குக் கிடைக்கும் விலை அழுந்தும். அழுத்தம் ஆலையிலிருந்து மொத்த வியாபாரிக்கு, அவரிடமிருந்து சில்லறை வியாபாரிக்கு என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு குப்பைமேட்டில் பாட்டில் பொறுக்குபவரிடம் போய் நிற்கும். அவருக்குக் கீழே தள்ளிவிட யாரும் இல்லை. பத்திரிகைகள் 873 கோடியைப் பற்றி எழுதின. பாட்டில் விஷயத்துக்கு ஒரு வரி கிடைத்திருந்தால் அதிகம்.

ஆக, 2025இல் "எங்களுக்கு நஷ்டம்" என்று சொன்னதும் உண்மையாக இருக்கலாம். 2018 வரை கூடிப் பேசி விலை வைத்ததும் தீர்ப்பில் கண்ட உண்மை. இரண்டும் ஒரே நிறுவனம். ஒன்று மற்றதைப் பொய்யாக்காது. 2025இல் நடந்தது ஒரு கம்பெனி தனியாக எடுத்த முடிவு. கூட்டுச்சதி என்று அதைச் சொல்வதற்கில்லை. ஆனால் 69 விழுக்காடு கையில் வைத்திருப்பவர் தனியாக நிறுத்தினாலும் கடை காலியாகிறது என்பதையும் மறக்கக்கூடாது.

கூட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

தென் மத்திய ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் இருந்தபோது ஜல்லி டெண்டர்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஒரு செக்ஷனில் நான்கு காண்ட்ராக்டர்கள். எப்போது டெண்டர் விட்டாலும் நால்வரும் போடுவார்கள். யாராவது ஒருவர் ரேட் குறைவாக இருக்கும், மற்ற மூவரும் இரண்டிரண்டு விழுக்காடு தள்ளிப் படிக்கட்டு மாதிரி நிற்பார்கள். அடுத்த தடவை வேறொருவர் குறைவு. நான்கு டெண்டரில் நால்வருக்கும் தலா ஒன்று. பந்தியில் பாயசம் பரிமாறியதுபோல் ஒழுங்கு. ஒருமுறை "குவாரி" என்ற சொல்லை இரண்டு விண்ணப்பங்களில் ஒரே மாதிரி தப்பாக எழுதியிருந்தார்கள். ஒரே கை எழுதியதென்று அதற்கு மேலும் சாட்சி வேண்டுமா? மறு டெண்டர் விடப்பட்டது.

ஆனால் எழுத்துப்பிழையைவிட நல்ல அடையாளம் ஒன்று உண்டு. டீசல் ஏறிய மாதம் அவர்கள் ரேட் ஏறும். டீசல் இறங்கிய மாதம் ரேட் இறங்காது. செலவைத் தொடர்ந்து போகிற விலை, செலவு இறங்கினால் இறங்கத்தான் வேண்டும். ஏறும்போது மட்டும் தொடர்ந்து வருவது செலவின் நிழல் அல்ல.

அதற்காக ஒரு பொருள் திடீரென்று கிடைக்காமல் போவதெல்லாம் சதியும் அல்ல. மேலே ஹாப்ஸ் என்று சொன்னேனே, உலகச் சந்தையில் 2007இல் அது காணாமல் போயிற்று. அதற்கு முன்பு பல ஆண்டுகள் தேவைக்கு மேல் விளைந்து விலை விழுந்ததால் விவசாயிகள் கொடியைப் பிடுங்கிவிட்டு வேறு பயிருக்குப் போயிருந்தார்கள். 2006 அக்டோபரில் அமெரிக்காவின் யாகிமா பகுதியில் ஹாப்ஸ் கிடங்கு ஒன்று எரிந்தது. ஐரோப்பாவில் விளைச்சல் சரியில்லை. பவுண்டு 5 டாலருக்குள் கிடைத்துக்கொண்டிருந்த சரக்கு, உடனடிச் சந்தையில் 20 டாலரைத் தாண்டியது. பெரிய ஆலைகளுக்குப் பல ஆண்டு ஒப்பந்தம் இருந்ததால் அடி விழவில்லை. ஒப்பந்தம் இல்லாத சின்ன ஆலைகள்தான் மாட்டிக்கொண்டன. தரகர்கள் பதுக்குகிறார்கள் என்ற முணுமுணுப்பும் எழுந்தது. அப்போது பாஸ்டன் பீர் என்ற நிறுவனம் தன் கையிருப்பிலிருந்து 20,000 பவுண்டு ஹாப்ஸைச் சின்ன ஆலைகளுக்கு அடக்க விலைக்கே 2008இல் கொடுத்தது. போட்டியாளருக்கு அடக்க விலையில் சரக்கு! கையிருப்பு வைத்திருப்பவர் எல்லோரும் பதுக்கல்காரர் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

ரயில்வேக்காரன் சொல்லும் வழி

ரயில்வே ஒப்பந்தங்களில் விலை மாறுபாட்டு விதி என்று ஒன்று உண்டு. வேலை நீண்ட காலம் நடக்கும். நடுவில் சிமெண்ட், இரும்பு, டீசல், கூலி எல்லாம் மாறும். அதற்காகக் காண்ட்ராக்டர் வந்து அழ வேண்டியதில்லை, அதிகாரி சந்தேகப்பட வேண்டியதும் இல்லை. ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும்: இந்த வேலையில் கூலிக்கு இத்தனை பங்கு, பொருளுக்கு இத்தனை, எரிபொருளுக்கு இத்தனை, ஒரு பகுதி, எனக்குத் தெரிந்த ஒப்பந்தங்களில் 15 விழுக்காடு, எது மாறினாலும் மாறாது. ஒவ்வொரு பங்குக்கும் அரசு வெளியிடும் ஒரு குறியீட்டெண். டெண்டர் திறந்த மாதத்தின் எண் அடிப்படை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எவ்வளவு ஏறியிருக்கிறதோ அந்த விகிதத்தில் கொடு, இறங்கியிருந்தால் அந்த விகிதத்தில் பிடித்துக்கொள். இதில் வக்கீலுக்கும் வேலையில்லை, அமைச்சருக்கும் வேலையில்லை. ஒரு கிளார்க் கால்குலேட்டரில் முடித்துவிடுவார்.

பீர் பாட்டிலுக்கு அதேபோல் போட்டுப் பார்க்கலாம். ஆலை விலை 100இல் பாட்டிலுக்கு 35, தானியத்துக்கு 15, எரிபொருளுக்கு 10, கூலிக்கு 15, போக்குவரத்துக்கு 10, மாறாப் பங்கு 15 என்று வைப்போம். இவையும் நான் பாடத்துக்காகப் போட்ட பங்குகளே. ஒரு வருடத்தில் கண்ணாடி 20 விழுக்காடு, தானியம் 40 விழுக்காடு ஏறினால், பாட்டில் வகையில் 7, தானிய வகையில் 6, ஆகமொத்தம் 13. மறுவருடம் தானியம் பழைய நிலைக்கு வந்தால் விலையிலிருந்து 6 தானாகக் கழியும். கேட்க வேண்டியதில்லை, சண்டை போட வேண்டியதில்லை.

ஐந்தாண்டு திருத்தாமல் கிடப்பில் போட்டுவிட்டு, பிறகு ஒரே நாளில் 33 கேட்பதும் 15 கொடுப்பதும் கணக்கு அல்ல, பேரம். பேரத்தில் யார் நியாயம் என்று வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு ஒருகாலும் தெரியாது. கூடிப் பேசும் ஆசைக்கும் அந்த இருட்டு வசதியாகிறது: எல்லா ஆலைகளும் ஒரே வாடிக்கையாளரிடம் ஒரே காலத்தில் மனு போட வேண்டியிருக்கும்போது, "நீ எவ்வளவு கேட்கப் போகிறாய்?" என்று பக்கத்து ஆலைக்காரரைக் கேட்பது எத்தனை சுலபம்! அது குற்றத்துக்கு மன்னிப்பு ஆகாது, ஆணையமும் மன்னிக்கவில்லை. ஆனால் பூட்டில்லாத வீட்டையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும் அல்லவா?

விதி எழுதினால் அதன் பங்குகளை யார் நிர்ணயிப்பது, அதில் தில்லுமுல்லு நடக்காதா என்று கேட்கலாம். நடக்கலாம். ரயில்வேயிலும் தகராறு வந்ததுண்டு. ஆனால் தகராறு ஒப்பந்தம் போடும்போது ஒருதடவை வரும், வெளிச்சத்தில் வரும்.

நம் வீட்டு டிகாக்ஷனுக்கு வருவோம்

நிற்க. பீரை விட்டுவிட்டு நாம் தினமும் இறக்கும் டிகாக்ஷனுக்கு இந்தச் சல்லடையைப் போட்டுப் பார்ப்போம். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா காபிக்கொட்டை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. பிரேசிலில் 1975இல் விழுந்த உறைபனியால் 1977இல் ஏறிய பழைய உச்சத்தையும் அது கடந்துவிட்டது. சிக்மகளூர், குடகுத் தோட்டக்காரர்கள் 1996 வரை காபி போர்டின் கட்டுப்பாட்டில் விற்றார்கள். அதன் பின் முழுச் சுதந்திரம். நம் விளைச்சலில் பெரும்பகுதி ஏற்றுமதி ஆகிறது. ஆகவே பிரேசிலில் மழை பொய்த்தால் சிகந்திராபாத்தில் காபித்தூள் ஏறுவது நியாயமே.

ஆனால் எவ்வளவு? பச்சைக் கொட்டையை வறுத்தால் ஆறில் ஒரு பங்கு எடை போகும். ஒரு கிலோ வறுத்த கொட்டைக்கு 1.2 கிலோ பச்சைக் கொட்டை வேண்டும். நீங்கள் வாங்குவது 70க்கு 30 சிக்கரி கலந்தது என்றால், ஒரு கிலோ தூளில் காபி 700 கிராம். அதற்குப் பச்சைக் கொட்டை 840 கிராம். கொட்டை கிலோவுக்கு 100 ரூபாய் ஏறினால் தூள் 84 ரூபாய் ஏறலாம். பீரில் பார்லியின் பங்கு சொற்பம், காபித்தூளில் கொட்டையின் பங்குதான் பிரதானம் என்பதால் இங்கே கடைக்காரர் சொல்வதை அதிகம் நம்பலாம். அவர் 90 ஏற்றினால் பேசாமல் கொடுங்கள். கரண்ட், கூலி இருக்கிறது. 150 ஏற்றினால் காரணம் கேளுங்கள்.

விலையை ஏற்றாமல் விகிதத்தை மாற்றுவதும் உண்டு. கலப்புக் காபித்தூளில் சிக்கரி 49 விழுக்காடு வரை போகச் சட்டம் இடம் தருகிறது. எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிடவும் வேண்டும். அந்த எழுத்து பொடியாகத்தான் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். 80க்கு 20 என்றிருந்தது அதே விலையில் 60க்கு 40 ஆகிவிட்டிருந்தால், கிலோவுக்கு 200 கிராம் காபி உங்கள் டம்ளரிலிருந்து போய்விட்டது.

பிள்ளைகளுக்கு இரண்டு கணக்கு கொடுத்து முடிக்கிறேன். ஒன்று: 80க்கு 20 கலவையில், பச்சைக் கொட்டை கிலோ 60 ரூபாய் ஏறினால் தூள் கிலோவுக்கு எவ்வளவு ஏறலாம்? இரண்டு: மேலே சொன்ன 100 ரூபாய் ஆலை விலையில், கண்ணாடி 10 விழுக்காடு இறங்கி, கூலி 8 விழுக்காடு ஏறினால் புது விலை என்ன? முதலாவதற்கு விடை 57 ரூபாய் 60 காசு. இரண்டாவதன் விடையைப் போட்டு, அடுத்த மாதக் கூட்டத்தன்று என்னிடம் காட்டலாம்.